கடன் ஒரு மேசையில், மனம் ஒரு மேசையில்

வாசகர் கேள்வி – பதில்
பதிலளிப்பவர்: மதுரையில் நீண்ட காலம் பணியாற்றிய மனநல சமூகப் பணியாளர்

இரண்டு இதழ்களுக்கு முன், கல்லூரி செல்லும் மகன் ஆன்லைன் ரம்மியில் கல்லூரிக் கட்டணத்தை இழந்ததைப் பற்றி ஒரு தாய் எழுதியிருந்தார். மகனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்று ஒரே பத்தியில் அவருக்குப் பதில் எழுதியிருந்தேன். அந்தப் பதில் போதாது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. கடன்காரர் வாசலில் நிற்கும்போது மருத்துவரின் சீட்டு மட்டும் எதையும் தீர்ப்பதில்லை. ஆகவே இந்த இதழில் இந்தப் பொருள் குறித்த கடிதங்களுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவர் சரக்கு வாகனம் ஓட்டுகிறார். நான்கு ஆண்டுகளாக ஆன்லைன் ரம்மியும் கிரிக்கெட் பந்தயமும் ஆடுகிறார். முதல் முறை என் அப்பாவும் இரண்டாம் முறை என் அண்ணனும் கடனை அடைத்தார்கள். என் நகை முழுவதும் அடகில் இருக்கிறது. இப்போது மறுபடியும் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் கடன் என்கிறார்; அதில் வார வட்டியும் உண்டு, செல்போன் செயலிக் கடனும் உண்டு. "நான் இல்லாவிட்டால் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்" என்று கடந்த வாரம் இரண்டு முறை சொன்னார். நான் முதலில் யாரிடம் போவது: மருத்துவரிடமா, வக்கீலிடமா, காவல் நிலையத்திற்கா?
– திருமங்கலம் வாசகி

பதில்: சகோதரி, அவர் இரண்டு முறை சொன்ன அந்த வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். மற்றவை சில நாள் காத்திருக்கலாம், அது காத்திருக்காது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்ல ஆள் கிடைத்ததே என்று பலர் அந்த இடத்தில்தான் அழத் தொடங்குகிறார்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அவரும் பேசலாம், நீங்களும் பேசலாம். எண்ணம் வலுவாக இருப்பதாகத் தோன்றினால், நள்ளிரவானாலும் அவரைத் தனியே விடாமல் அரசு இராசாசி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வீட்டில் பூச்சிமருந்தோ அதிக அளவில் மாத்திரைகளோ இருந்தால் இன்றே வேறொருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். போலீஸ் வழக்கு வந்துவிடும் என்று அஞ்சித் தற்கொலை முயற்சியை மறைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்றும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்துச் சொல்வது உங்களுக்குக் கசக்கலாம். மூன்றாம் முறையும் கடனை மொத்தமாக அடைக்க உங்கள் பிறந்த வீட்டார் இப்போது முன்வர வேண்டாம். கடன் தீர்ந்த மறுநாள், ஆடுபவருக்குப் பாரம் குறைந்ததோடு புதிதாகக் கடன் வாங்கும் வழியும் திறந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் "விட்டதைப் பிடித்துவிடலாம்" என்ற எண்ணமோ அப்படியே இருக்கிறது. உங்கள் அப்பாவும் அண்ணனும் செய்தது அன்பினால்தான். ஆனால் சிகிச்சை தொடங்காத நிலையில் கொடுத்த பணம் ஆட்டத்திற்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. சிகிச்சை தொடங்கி, அவர் கைக்குப் பணம் போகும் வழிகள் அடைபட்ட பிறகு, கடன்களை ஒவ்வொன்றாகப் பேசித் தீர்க்கலாம்.

எனவே யாரிடம் முதலில் என்ற கேள்விக்கு என் பதில், ஒரே வாரத்தில் மருத்துவர், வங்கி, சட்ட உதவி மூன்றிடமும் என்பதே; காவல் நிலையம் அதற்குப் பிறகு, தேவைப்பட்டால். முதல் நாள் மனநல மருத்துவர். அங்கே "பணப் பிரச்சினையால் தூக்கமில்லை" என்று மட்டும் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பாமல், ஆட்டம், கடன், அந்த வாக்கியம் மூன்றையும் சொல்லுங்கள். சூதாட்ட நோய்க்கு முதன்மையான சிகிச்சை பேச்சு வழிச் சிகிச்சை. ஆடத் தூண்டும் நேரம், இடம், எண்ணம் ஆகியவற்றை நோயாளியே கண்டறிந்து அவற்றுக்கு மாற்று பழகுவது அது. மனச்சோர்வோ குடியோ கூட இருந்தால் அவற்றுக்கும் மருந்து தர வேண்டியிருக்கும். இரண்டாவது வங்கி: அவருடைய சம்மதத்தோடு சம்பளத்தை உங்கள் கணக்கிற்கு மாற்றி, அவருடைய யுபிஐ வரம்பைக் குறைத்து, அன்றாடச் செலவுக்குரிய தொகையை மட்டும் அவரிடம் கொடுப்பது. பிடுங்கிக்கொண்டால் வேறு வழி தேடுவார். அவரே கையெழுத்திட்டு ஒப்படைத்தால் அது சிகிச்சையின் பகுதியாகிறது.

மூன்றாவது, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண் என்பதாலேயே உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. யாருக்கு, எப்போது, எவ்வளவு வாங்கியது, எவ்வளவு திருப்பியது, எழுதிக் கொடுத்த பத்திரமோ காசோலையோ உண்டா என்று எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கணவர் தனியே வாங்கிய கடனுக்கு, நீங்கள் கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திடாத வரை, நீங்கள் பொறுப்பாளி அல்ல. மிரட்டலுக்குப் பயந்து இப்போது எதிலும் கையெழுத்திடாதீர்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, அன்றாட வட்டி ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் 2003 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்றும், கடன் செயலிகள் உங்கள் செல்போனிலுள்ள தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022இல் அறிவுறுத்தியிருக்கிறது. உறவினர்களுக்கு அழைத்து அவமானப்படுத்துகிறார்கள் என்றால் அதன் பதிவுகளை அழிக்காமல் வைத்திருங்கள். காவல் நிலையம் அப்போதுதான் தேவைப்படும். அதுவும் கணவர்மீது புகார் சொல்ல அல்ல, மிரட்டுபவர்மீது புகார் கொடுக்க.

கேள்வி: என் தந்தைக்கு 64 வயது. பார்க்கின்சன் நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர், ஓராண்டாகக் கேரள லாட்டரிச் சீட்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்குகிறார். ஓய்வூதியம் பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. வயதான காலத்தில் புத்தி இப்படிப் போகுமா என்று அம்மா அழுகிறார்.
– அண்ணா நகர், மதுரை

பதில்: உங்கள் தந்தையின் புத்தியைக் குறை சொல்லும் முன் அவருடைய மருந்துச் சீட்டைப் பாருங்கள். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் மருந்துகளில் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்றவை மூளையில் டோபமினின் வேலையைச் செய்பவை. இவற்றை உட்கொள்ளும் சிலருக்குச் சூதாட்டம், அளவற்ற கொள்முதல், அளவற்ற உணவு போன்ற அடக்க முடியாத உந்துதல்கள் உண்டாவது மருத்துவ உலகம் நன்கு அறிந்த பக்கவிளைவு. மனநோய்க்குத் தரப்படும் அரிப்பிப்ரசோல் மருந்து குறித்தும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் இதே எச்சரிக்கையை வெளியிட்டது. இந்த உந்துதல் வந்ததற்கு நோயாளி வெட்கப்பட்டு மறைக்கிறார். நரம்பியல் மருத்துவர் நடையையும் நடுக்கத்தையும் மட்டும் கேட்கிறார். இரண்டுக்கும் இடையில் ஓய்வூதியம் கரைகிறது.

மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் கடுமையான விளைவுகள் ஏற்படலாம். எப்போது மருந்து தொடங்கியது அல்லது அளவு கூட்டப்பட்டது, எப்போது லாட்டரி தொடங்கியது என்ற இரு தேதிகளையும் எழுதிக்கொண்டு நரம்பியல் மருத்துவரை அடுத்த முறைவரை காத்திராமல் பாருங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார். வழக்கமாக மருந்து வாங்கும் கடையின் மருந்தாளுநரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அம்மாவிடம் இன்றே சொல்ல வேண்டியது, இது அவருடைய குணம் கெட்டதன் அடையாளமல்ல என்பதுதான்.

கேள்வி: வங்கியில் நகைக்கடன் பிரிவில் பணிபுரிகிறேன். ஒரே வளையல்களை மீட்பதும் மறுவாரமே அடகு வைப்பதுமாக ஒரு வாடிக்கையாளர் வருகிறார். அவருடைய கணக்கில் நள்ளிரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் சிறு சிறு தொகைகளாக யுபிஐ செலவுகள் இருக்கின்றன. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிகிறது. அவர் மனைவிக்கும் இங்கேயே கணக்கு உண்டு. அவரிடம் சொல்லிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வங்கி ஊழியர்

பதில்: சொல்லக் கூடாது. வாடிக்கையாளரின் கணக்கு விவரம் மனைவிக்கே ஆனாலும் அவருடைய சம்மதமின்றிச் சொல்வது வங்கி இரகசியத்தை மீறுவதாகும். அதைவிட, விஷயம் வீட்டில் இப்படி வெடித்தால் அவர் வங்கியை மாற்றிக்கொண்டு இன்னும் ஆழமாக மறைப்பார். ஆனால் மனைவியிடம் சொல்ல முடியாது என்பதால் வாடிக்கையாளரிடமும் பேச முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் பேச உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

கூட்டமில்லாத நேரத்தில், கவுண்ட்டருக்கு வெளியே உட்கார வைத்து, "இந்த வளையல்கள் இந்த ஆண்டில் எத்தனை முறை வந்திருக்கின்றன என்று பார்த்தேன், வீட்டில் ஏதேனும் சிரமமா?" என்று கேளுங்கள். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அறிவுரை வேண்டாம். 14416 என்ற எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அவரே கேட்டுக்கொண்டால் நீங்கள் செய்யக்கூடியவை பல: யுபிஐ வரம்பைக் குறைக்கலாம், கிரெடிட் கார்டை முடக்கலாம், மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்ற முறைக்குக் கணக்கை மாற்றலாம். இப்படி இருவர் கையெழுத்து வேண்டிய கணக்குகளில் ஒருவர் மட்டும் தனியே யுபிஐயில் செலவிடுவது பொதுவாக முடியாது. வேறு யாருக்கும் குறையாகத் தோன்றுவது இவருக்கு நன்மை. உங்கள் மேலாளரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: நகைக்கடனை நீட்டிக்கும் அல்லது கூட்டித் தரும் முன் வாடிக்கையாளரிடம் இப்படி ஒரு வார்த்தை பேசுவதை வழக்கமாக்க வேண்டும். மனநல மருத்துவர் இந்த நோயாளியைக் கடைசியில்தான் பார்க்கிறார்; நீங்கள் அவருக்கு ஓராண்டுக்கு முன்பே பார்க்கிறீர்கள்.

கேள்வி: காசோலை வழக்கு, ஜீவனாம்ச வழக்கு என்று என்னிடம் வருபவர்களில் சிலருக்குச் சூதாட்டமே மூலகாரணம் என்பது விசாரணையின் நடுவில்தான் தெரிகிறது. இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் வந்த பிறகு, ஆடியதை ஒப்புக்கொண்டால் வழக்காகிவிடும் என்று மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. ஒரு வழக்கறிஞராக நான் செய்யக்கூடியது என்ன?
– உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கறிஞர்

பதில்: ஐயா, உங்கள் கேள்வியின் நடுவிலுள்ள அச்சம்தான் இன்று சிகிச்சைக்குப் பெரிய தடை. வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தச் சட்டத்தை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. 2022இல் இயற்றப்பட்டு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற அடுத்த சட்டம், இணையச் சூதாட்டம் ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று குறித்த அட்டவணையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவோரையும் விளம்பரப்படுத்துவோரையும் தண்டிக்கிறது, அவற்றுக்கு வங்கிகள் பணப் பரிமாற்றம் செய்வதையும் தடுக்கிறது; ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. இந்த வேறுபாட்டைக் கட்சிக்காரருக்கு விளக்கிச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்? மருத்துவரிடம் சொல்வது காவல் துறையிடம் சொல்வதாகாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளிக்கு இரகசிய உரிமை தருகிறது. நீதிமன்ற ஆணை, பிறருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. இதை உங்கள் வாயால் கேட்டால்தான் அவர்கள் நம்புவார்கள்.

தடை வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் 2003இல் லாட்டரி விற்பனை நிறுத்தப்பட்ட பின்னும் மூன்று நம்பர் லாட்டரி நம் தெருக்களிலிருந்து மறையவில்லை. இன்று என்னிடம் வருபவர்கள், மூடப்பட்ட செயலிக்குப் பதில் வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்களில் ஆடுவதாகச் சொல்கிறார்கள். கடை மூடினாலும் நோய் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இலேயே சூதாட்டக் கோளாறை மதுவுக்கும் போதைப் பொருளுக்கும் அடிமையாவதோடு ஒரே பிரிவில் சேர்த்துவிட்டது. இன்னொன்றையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். 2022இல் இணையச் சூதாட்டம் பற்றி ஆராய நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழுவில், தற்கொலைத் தடுப்பில் நீண்ட காலம் பணியாற்றும் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும், காவல் துறை உயர் அதிகாரி ஒருவரும், தொழில்நுட்ப வல்லுநர் ஒருவரும் இருந்தார்கள். சட்டம் எழுதுவதற்கு நான்கு துறையினர் ஒரே மேசையில் அமர முடிந்ததென்றால், ஒரு கட்சிக்காரருக்காக நீங்களும் ஒரு மருத்துவரும் தொலைபேசியில் பேசிக்கொள்ள ஏன் முடியாது?

நடைமுறையில் நான் கேட்பது ஒன்றுதான். காசோலை வழக்கிலோ குடும்ப வழக்கிலோ முதல் சந்திப்பிலேயே கீழ்க்கண்ட இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். "பந்தயத் தொகையை மேலும் மேலும் கூட்ட வேண்டும் என்று தோன்றியதுண்டா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதைப் பற்றி நெருங்கியவர்களிடம் பொய் சொன்னதுண்டா?" இது 1997இல் வெளியான, எந்தத் துறையினரும் பயன்படுத்தக்கூடிய எளிய சோதனை. ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவரிடம் அனுப்பலாம். நோயைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. சமரசத்துக்குப் போகும் வழக்கென்றால், தவணைகள் அவர் கையில் கொடுக்கப்படாமல் நேரே கடன் கொடுத்தவருக்குச் செல்லுமாறு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் மருத்துவர், வங்கி மேலாளர், மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பாளர் அனைவரையும் எனக்குத் தெரியும். இதற்காக ஒரு விழிப்புணர்வுப் பேரணி நடத்தலாம் என்று நினைக்கிறேன். தங்கள் ஆலோசனை தேவை.
– அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், உசிலம்பட்டி வட்டாரம்

பதில்: ஐயா, பேரணியில் நடக்கும் மாணவர் யாரும் அன்றிரவு தன் தந்தையின் செல்போனைப் பிடுங்க முடியாது. நீங்கள் குறிப்பிட்ட அந்த மூவரையும் ஒரு அறையில் உட்கார வைப்பதே மேல் என்று கருதுகிறேன். ஏன் என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், குடி மறுவாழ்வுக்காக வந்த ஒரு தறித் தொழிலாளியுடன் ஏழு மாதம் பணியாற்றினேன். குடியை விட்டார், நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் வீட்டுக் கடன் குறையவில்லை, மனைவியின் முகமும் தெளியவில்லை. அவர் சீட்டாடுகிறாரா என்று அந்த ஏழு மாதத்தில் நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. பின்னர் தெரிய வந்தது: அடகுக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது, அவருடைய முதலாளிக்கு முன்பணம் கேட்கும் வேகத்திலிருந்து தெரிந்திருந்தது, மகள் கட்டணம் கட்டாமல் நின்ற பள்ளிக்குத் தெரிந்திருந்தது, மனைவியின் குழுவில் அவர் பெயரால் மூன்றாம் கடன் எடுத்தபோது மற்றப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு தெரிந்திருந்தது. அவர் நஞ்சு குடித்து மருத்துவமனைக்கு வந்த இரவில்தான் நாங்கள் அனைவரும் முதன்முறையாக ஒரே வராந்தாவில் நின்றோம். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனாலும் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. அதன் பிறகு வந்த யாரிடமும் அதைக் கேட்காமல் இருந்ததும் இல்லை.

உங்கள் குழுவில் சுயஉதவிக் குழுப் பொறுப்பாளருக்கு முதல் இடம் கொடுங்கள். கணவர் கடனுக்காக மனைவி குழுக் கடன் எடுப்பது அவர் கண்ணில்தான் முதலில் படும். ஊரின் அடகுக் கடைக்காரர் ஒருவரையும், கூரியர் அல்லது சரக்கு நிறுவனத்தில் சம்பள முன்பணம் கொடுக்கும் கணக்கர் ஒருவரையும் அழைக்கலாம். முதல் கூட்டத்தில் எந்த உண்மையான குடும்பத்தைப் பற்றியும் பேசாதீர்கள்; கற்பனையாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு, அந்த மனிதர் உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள், எதைச் செய்ய உங்களுக்கு அதிகாரமில்லை என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள். அதிகாரமில்லாததைச் சொல்லும்போதுதான் யாருக்கு யார் தேவை என்பது விளங்கும்.

பெயர் சொல்லிப் பேசுவதற்கு அந்த மனிதரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். எதை, யாரிடம், எதற்காகச் சொல்லலாம் என்று தமிழில் அரைப் பக்கத்தில் ஒரு படிவம் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம் என்பதும் அதில் இருக்கட்டும். சிறிய ஊரில் இந்த ஒழுங்கு தவறினால், அடுத்த வாரம் டீக்கடையில் பேச்சாகிவிடும்; பிறகு யாரும் உங்களிடம் வரமாட்டார்கள். காவல் ஆய்வாளரின் உதவி வேண்டும், ஆனால் நோயாளிகளைப் பற்றிப் பேசும் இருக்கையில் அவர் இருக்க வேண்டாம். மூன்று நம்பர் லாட்டரி விற்பவர், கந்துவட்டிக்காரர் பற்றிய தகவலை அவரிடம் தனியே கொடுங்கள். குழுவில் உள்ள ஒருவரே ஆடுபவராகவும் இருக்கலாம். ஆசிரியர்களிடையிலும் மருத்துவர்களிடையிலும் இந்த நோய் உண்டு. அதைக் கண்டால் மற்றவருக்குச் செய்வதையே அவருக்கும் செய்யுங்கள்.

ஒருவரை ஒருவரிடம் அனுப்பும்போது முகவரி மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். அவர் எதிரிலேயே தொலைபேசியில் அழைத்து நேரம் வாங்குங்கள், போனாரா என்று மறுநாள் கேளுங்கள். முகவரி மட்டும் பெற்றவர்களில் பலர் பேருந்து நிலையத்திலிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் முதல் கூட்டத்தை அதே நாளில் வைத்துக்கொண்டால், புறநோயாளிகளைப் பார்த்து முடித்ததும் அவரும் அரை மணி நேரம் உங்களோடு வந்து உட்கார முடியும்.